சூடான யோகாவும் அதன் ஆசிரியர் பயிற்சியும்



யோகாசனம் நமக்குப் புதிய பொருளன்று. திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமம், நியமம், ஆசனம் என்று தொடங்கி எட்டு உறுப்புகளையும் பாடி வைத்திருக்கிறார். பள்ளித் திடலிலும் கோயில் மண்டபத்திலும் பத்மாசனமும் புஜங்காசனமும் செய்து பழகியவர்கள் நம் தோட்டங்களிலும் உண்டு. ஆனால் இப்போது பட்டணங்களில் "சூடான யோகா" என்று விளம்பரப் பலகை மாட்டியிருக்கிறார்கள். கதவையும் சன்னல்களையும் அடைத்து, அறையை 40 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றி, அதற்குள் நின்று ஆசனம் செய்ய வேண்டும். விடியலில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போய், வெயில் ஏறிய பிறகு பால் வாளியைச் சுமந்து திரும்புகிறவர்களிடம், காசு கொடுத்து வியர்வை சிந்தும் இடம் ஒன்று உண்டு என்று சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்றால், அப்படி விடுவதற்கில்லை. இந்தச் சூடான யோகாவைக் கற்றுக் கொடுக்கும் ஆசிரியராகலாம், சில வாரங்களில் சான்றிதழ் பெறலாம், உலகில் எங்கும் வேலை செய்யலாம் என்ற விளம்பரங்கள் நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்கே வந்துவிடுகின்றன. எஸ்.பி.எம். முடித்து நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இதில் ஆசை பிறப்பது இயல்பே. நல்ல உடலுழைப்பும் ஒழுக்கமும் உள்ள தொழில்தானே! ஆனால் அதற்குரிய கட்டணம் பல குடும்பங்களில் அப்பாவின் சேமநிதியிலிருந்தோ அம்மாவின் நகையிலிருந்தோதான் வர வேண்டும். ஆகவே இந்தப் பயிற்சி எங்கே பிறந்தது, யார் அதை நடத்தினார்கள், அது எப்படி ஒரு பெரிய வணிகமாயிற்று, பிறகு என்ன ஆயிற்று என்று இன்று பார்ப்போம். பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன கேட்க வேண்டும் என்பது அந்த வரலாற்றுக்குள்ளேயே கிடைக்கிறது.

கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. பரமஹம்ச யோகானந்தர் என்ற பெயரை நேயர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1920ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று அங்கே யோகத்தைப் பரப்பியவர் அவர். அதற்கு முன்பு, 1918ல், ராஞ்சியில் சிறுவர்களுக்கான பள்ளி ஒன்றை நடத்தினார். பாடத்தோடு உடற்பயிற்சியும் தியானமும் சொல்லித் தரும் பள்ளி. அதில் படித்தவர்களுள் ஒருவர் அவருடைய இளைய தம்பி விஷ்ணு சரண் கோஷ். 1903ல் பிறந்த இந்தத் தம்பிக்கு அண்ணனைப் போலத் துறவில் நாட்டமில்லை. உடலைக் கட்டுவதில் நாட்டம். 1923ல் கல்கத்தாவில் ஓர் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். 1930ல், தசைகளைத் தனித்தனியே இயக்கும் வித்தையைப் பற்றி மற்றொருவருடன் சேர்ந்து ஒரு நூல் எழுதினார். பளு தூக்குதலும் ஆசனமும் ஒரே கூரையின் கீழ் நடந்த இடம் அது. 1951ல் உலக ஆணழகர் போட்டியில் தம் பிரிவில் பட்டம் வென்ற மனோதோஷ் ராய் அவருடைய மாணவர்.

கோஷ் கற்பித்த முறையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அவரிடம் வயிற்று வலி, மூட்டு வலி, மூச்சிரைப்பு என்று நோயாளிகளும் வருவார்கள். வந்தவரைப் பார்த்து, கேட்டு, அவருடைய உடலுக்கு ஏற்ற சில ஆசனங்களை மட்டும் குறித்துக் கொடுப்பார். அடுத்தவருக்கு வேறு ஆசனங்கள். வைத்தியர் மருந்துச் சீட்டு எழுதுவதைப் போன்றது அது. அங்கே ஆசிரியர் ஆவதற்கு வழி, மூத்தவர் பக்கத்தில் நின்று ஆண்டுக்கணக்கில் உடல்களைப் பார்த்துப் பழகுவதுதான். அறையைச் சூடேற்றும் வழக்கம் கோஷிடம் இல்லை. கல்கத்தாவின் கோடையே போதுமென்று இருந்திருப்பார்கள் போலும்!

இந்தக் கோஷின் வழியில் வந்தவர்தான் பிக்ரம் சௌத்ரி. 1944ல் பிறந்தவர் என்பர். கோஷ் 1970ல் காலமானார். அதையொட்டிய ஆண்டுகளில் பிக்ரம் ஜப்பானில் வகுப்பு நடத்தினார். அங்கே குளிர் அதிகமாக இருந்ததால் அறையில் ஹீட்டர் வைத்ததாகவும், சூட்டில் உடல் எளிதாக வளைவதைக் கண்டு அதையே முறையாக்கியதாகவும் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா சேர்ந்து, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் பள்ளி தொடங்கினார். திரைப்பட நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் வந்தார்கள்; புகழ் வளர்ந்தது. இளமையில் இந்தியத் தேசிய யோகப் போட்டியில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றதாகவும் சொல்லிக்கொண்டார். பின்னாளில் ஆராய்ந்தவர்கள், அவர் சொன்ன காலத்தில் அத்தகைய போட்டியே நடந்ததற்குச் சான்றில்லை என்றார்கள். ஆனால் கூட்டம் சேர்ந்துவிட்ட பிறகு யார் விசாரிக்கப் போகிறார்கள்?

அவர் வகுத்த முறை இது. 26 ஆசனங்கள், இரண்டு மூச்சுப் பயிற்சிகள், 90 நிமிடங்கள். வெப்பம் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காடு. முதல் பாதி நின்று செய்வது, பிற்பாதி தரையில் செய்வது. சிரசாசனமும் சர்வாங்காசனமும் இதில் இல்லை. யார் வந்தாலும், எந்த வயதானாலும், எந்த நாடானாலும் அதே ஆசனங்கள், அதே வரிசை. கோஷ் ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அவருக்குப் பின் வந்தவர் எல்லாருக்கும் ஒரே சீட்டை அச்சடித்துவிட்டார். தொடக்க நிலையினர் பலரை ஒரே சமயத்தில் பயிற்றுவிக்க இது வசதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆசனங்களும் நல்ல ஆசனங்களே.

1994ஆம் ஆண்டு ஆசிரியர் பயிற்சி தொடங்கியது. இங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. ஒன்பது வாரப் பயிற்சி. பெரிய விடுதி ஒன்றை எடுத்து, கூடாரமோ மண்டபமோ அமைத்து, நூற்றுக்கணக்கானவர்களை ஒரே நேரத்தில் சூட்டில் நிறுத்துவார்கள். நாளுக்கு இரண்டு வகுப்பு, இடையே விரிவுரை, இரவு நெடுநேரம் வரை கூட்டம். தூக்கம் குறைவு. கட்டணம் விடுதிச் செலவுடன் பத்தாயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டியது. நம் பணத்தில் முப்பதாயிரம் ரிங்கிட்டுக்கு மேல்.

அந்த ஒன்பது வாரத்தில் முக்கியமான வேலை மனப்பாடம். வகுப்பில் ஆசிரியர் பேச வேண்டிய ஒவ்வொரு சொல்லும் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். கையை எப்போது தூக்கச் சொல்வது, முழங்காலை எப்படிப் பூட்டச் சொல்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் பிழையின்றி ஒப்பிக்க வேண்டும், ஒப்பித்தால் ஆசிரியர்.

ஆசிரியர் கல்லூரியில் படித்த எவருக்கும் இதைக் கேட்டதும் புருவம் உயரும். பாடத்திட்டத்தை மனப்பாடம் செய்பவரை நம் கல்லூரிகள் ஆசிரியர் என்று அனுப்பிவிடுவதில்லை. கற்பித்தல் பயிற்சி என்று உண்மையான வகுப்பறைக்கு அனுப்புவார்கள். விரிவுரையாளர் குறிப்பேட்டுடன் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பார். நாம் கரும்பலகையைப் பார்த்தபடி அழகாகப் பேசிக்கொண்டிருப்போம். மூன்றாம் வரிசைப் பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பதை அவர்தான் குறித்து வைத்திருப்பார். சொல்வது ஒரு திறமை. எதிரே இருப்பவருக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்பது மற்றொரு திறமை. பார்க்கப் பழக்குவதற்குத்தான் கல்லூரி வேண்டும். சொல்வதைப் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம். மனப்பாடம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வாய்ப்பாடு மனப்பாடம் செய்யாமல் கணக்கு வராது. ஆனால் முழங்காலில் பழைய அடிபட்டவர் வகுப்பில் நிற்கும்போது, முழங்காலைப் பூட்டு என்று எழுதியிருப்பதை அப்படியே ஒப்பிக்கும் ஆசிரியர் என்ன செய்வார்?

இந்த இடத்தில் வேறொரு பள்ளியின் வரலாற்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது நம் மண்ணோடு தொடர்புடையது. நெல்லைச் சீமைப் பத்தமடையில் 1887ல் பிறந்த குப்புசாமி என்ற இளைஞர், மருத்துவம் படித்து, 1913ல் மலாயாவுக்குக் கப்பலேறினார். நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ரப்பர்த் தோட்ட மருத்துவமனை ஒன்றில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் பணி செய்தார். நம் பாட்டன் பாட்டிமார் போன்ற பால்மரத் தொழிலாளர்களுக்குத்தான் அவர் வைத்தியம் பார்த்தார். பின்பு ஜொகூரில் சில ஆண்டுகள். 1923ல் தாயகம் திரும்பி, அடுத்த ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். அவர்தான் சுவாமி சிவானந்தர். 1936ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தையும், 1948ல் யோக வேதாந்தக் கல்விக்கென ஒரு நிலையத்தையும் நிறுவினார். பத்துமலைப் பகுதியில் அவர் பெயரால் ஆசிரமம் இருப்பதை நேயர்கள் அறிவீர்கள். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் 1957ல் மேல்நாடு சென்று, 1969ல் அங்கே யோக ஆசிரியர் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். மேற்கு நாடுகளில் அவ்வகையில் அதுவே முதலாவது என்பர். நான்கு வாரம் ஆசிரமத்திலேயே தங்கி, அதிகாலை எழுந்து, ஆசனம், மூச்சுப் பயிற்சி, உணவு முறை, கீதை என்று படிக்கும் பயிற்சி அது.

நான்கு வாரம் என்பதும் குறைவுதானே என்று கேட்கலாம். குறைவுதான். பம்பாயில் ஸ்ரீ யோகேந்திரர் 1918ல் தொடங்கிய யோக நிலையத்தையும், லோனாவாலாவில் சுவாமி குவலயானந்தர் 1924ல் தொடங்கிய கைவல்யதாமத்தையும் பார்த்தால், அங்கே பயிற்சியோடு ஆராய்ச்சியும் நடந்தது. ஆசனம் செய்யும்போது உடலுக்குள் என்ன நிகழ்கிறது என்று குவலயானந்தர் கருவிகள் கொண்டு சோதித்து, அதற்கென ஓர் இதழே நடத்தினார். அவற்றோடு ஒப்பிட்டால் பிக்ரமின் ஒன்பது வாரம், நான்கு வாரத்தைவிட நீளமாக இருந்தும், உள்ளே சரக்கு குறைவு. ஆகவே எத்தனை வாரம், எத்தனை மணி நேரம் என்ற கணக்கு மட்டும் நமக்குப் போதாது.

மணிக்கணக்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இன்று விளம்பரங்களில் 200 மணி நேரப் பயிற்சி, 500 மணி நேரப் பயிற்சி என்று காண்கிறோம். 1999ல் அமெரிக்காவில் அமைந்த யோகா அலையன்ஸ் என்ற சங்கம் வகுத்த அளவு இது. அச்சங்கம் பள்ளிகளைத் தன் பட்டியலில் பதிந்துகொள்கிறது. அது தனியார் சங்கம். அரசாங்கம் கொடுக்கும் உரிமம் அன்று. நம் நாட்டுத் திறன் சான்றிதழுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தியாவில் 2015ல் அரசு சார்ந்த தர மன்றம் ஒன்று யோக ஆசிரியர்களைத் தேர்வு வைத்துச் சான்றளிக்கத் தொடங்கியது. அதில் எங்கே படித்தாய் என்பதைவிட, உனக்கு என்ன தெரியும் என்று பார்க்கிறார்கள். இவ்வேறுபாடு தெரியாமல், தங்க எழுத்தில் அச்சடித்த தாளைப் பார்த்து மயங்கிப் பணம் கட்டியவர்கள் உண்டு.

பிக்ரமின் கதைக்குத் திரும்புவோம். தாம் வகுத்த 26 ஆசன வரிசை தமக்கே சொந்தம், தம் அனுமதியின்றி எவரும் கற்பிக்கக் கூடாது என்று அவர் பதிப்புரிமை கோரினார். தம்மிடம் பயின்ற ஆசிரியர்கள் மீதே வழக்குத் தொடுத்தார். முன்னோர் பொதுவில் விட்டுச் சென்றதை ஒருவர் வேலி போட்டு அடைப்பதா என்று இந்தியாவில் எதிர்ப்பு எழுந்தது. அரசின் மரபறிவு மின் நூலகத்தில் ஆசனங்களையும் பதிவு செய்யும் முயற்சி நடந்தது. 2012ல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், உடற்பயிற்சி வரிசைக்குப் பதிப்புரிமை இல்லை என்று அறிவித்தது. 2015 அக்டோபரில் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. அவர் எழுதிய நூல் அவருடையது. நூலில் சொல்லப்பட்ட ஆசன வரிசை உடல்நலத்துக்கான ஒரு முறையாதலால் எவர் வேண்டுமானாலும் செய்யலாம், கற்பிக்கலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

அதே காலத்தில் இன்னொரு செய்தி வெளிவந்தது. வீட்டில் பெண் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டாக வேண்டும். 2013 முதல், அவரிடம் பயிற்சிக்குச் சென்ற பெண்கள் சிலர், பயிற்சிக் காலத்தில் அவர் தங்களிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாக வழக்குத் தொடர்ந்தார்கள். அவர் மறுத்தார். அவருடைய சட்ட ஆலோசகராக வேலை செய்த பெண்மணி, இப்புகார்களை விசாரிக்க முயன்றதால் தாம் துன்புறுத்தப்பட்டு வேலையிழந்ததாக வழக்காடினார். 2016 சனவரியில் நடுவர் குழு அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, 70 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. பணம் வரவில்லை. 2017ல் பிக்ரமைக் கைது செய்ய ஆணை பிறந்தது. அவர் அதற்குள் அமெரிக்காவை விட்டுச் சென்றிருந்தார். அவருடைய நிறுவனங்கள் அதே ஆண்டில் திவாலாயின.

அந்தப் பெண்கள் ஏன் உடனே எழுந்து போகவில்லை என்று சிலர் கேட்டார்கள். அப்படிக் கேட்பவர்கள் அந்தப் பயிற்சி அமைந்திருந்த விதத்தைப் பார்க்க வேண்டும். முழுக் கட்டணமும் முன்னமே செலுத்தியாயிற்று. வீட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தொலைவு. தூக்கமில்லாத உடல். சான்றிதழில் கையெழுத்திடுபவரும், பள்ளி திறக்க அனுமதி கொடுப்பவரும், புகாரைக் கேட்க வேண்டியவரும் ஒரே மனிதர். கங்காணியே பெயர் பதிந்து, கங்காணியே சம்பளம் போட்டு, கங்காணியே கடை வைத்து, கங்காணியிடமே முறையிட வேண்டியிருந்த காலத்தை நம் குடும்பங்கள் அறியும். தோட்டத்து அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி வெப்பத்தைப் பற்றிச் சிறிது. ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டில் எழுந்த அடயோகப் பிரதீபிகை என்னும் வடமொழி நூல், தொடக்க நிலையில் பயில்பவர் தவிர்க்க வேண்டியவற்றுள் நெருப்பருகே இருப்பதையும் சேர்த்திருக்கிறது. சூடான அறை பழைய மரபு என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. 2018ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு பிரிவினர் 40 டிகிரி சூட்டிலும் மற்றொரு பிரிவினர் 23 டிகிரி அறையிலும் இதே 26 ஆசனங்களைப் பன்னிரண்டு வாரம் செய்தார்கள். இரத்தக் குழாய்கள் விரியும் திறன் இரு பிரிவினருக்கும் மேம்பட்டது. சூட்டால் அதில் கூடுதல் நன்மை தெரியவில்லை. நன்மை ஆசனத்திலிருந்து வந்ததே அன்றிச் சூட்டிலிருந்து வரவில்லை. ஆனால் தீங்குக்கு இடமுண்டு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியை எட்டினால் ஆபத்து. தலைச் சுற்றல், குமட்டல், தசைப் பிடிப்பு, பேச்சுத் தடுமாற்றம் இவையெல்லாம் எச்சரிக்கைகள். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், இரத்த அழுத்தத்துக்கு மருந்துண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்த அறைக்குள் போகவே கூடாது. முதல் நாள் வந்தவரை, என்ன ஆனாலும் அறையை விட்டு வெளியே போகாதே என்று சொல்லும் வழக்கம் இவ்வகை வகுப்புகளில் பரவலாக இருந்தது. இது நமக்குச் சிறிதும் உடன்பாடில்லை.

2015 தீர்ப்புக்குப் பிறகு எவரும் இப்பயிற்சியை நடத்தலாம் என்றாயிற்று. பிக்ரமின் பெயரை நீக்கிவிட்டு, சூடான யோகா என்றும், 26 ஆசனம் என்றும் பல பள்ளிகள் நடத்துகின்றன. நல்லவையும் உண்டு, பழைய மனப்பாடப் புத்தகத்தை அட்டை மாற்றி விற்பவையும் உண்டு. பிள்ளை இதில் சேர விரும்பினால், பணம் கட்டும் முன் அப்பள்ளியில் பயின்ற ஒருவர் நடத்தும் சாதாரண வகுப்பில் இரண்டு மூன்று முறை போய்ச் செய்து பார்க்கட்டும். யாராவது களைத்து உட்கார்ந்தால் ஆசிரியர் என்ன செய்கிறார், அவர் கண் எங்கே இருக்கிறது என்று கவனிக்கட்டும். உடற்கூற்றியல் யார் சொல்லித் தருகிறார், அவருடைய படிப்பு என்ன என்று கேட்கட்டும். மயங்கி விழுந்தவருக்கு முதலுதவி செய்யும் பயிற்சி உண்டா? மேற்பார்வையில் எத்தனை வகுப்பு எடுக்க வைப்பார்கள்? புகார் ஏதேனும் இருந்தால், பயிற்சியை நடத்துபவர் அல்லாத வேறு எவரிடம் சொல்லலாம்? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் பள்ளிகளை மட்டும் மேற்கொண்டு பாருங்கள். பெற்றோரில் ஒருவர் உடன் போவதில் வெட்கமில்லை. பாதியில் நின்றால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கி, மொழி விளங்கவில்லையென்றால் விளங்கியவர் ஒருவரிடம் காட்டிப் படிக்கச் செய்து, அதன் பிறகே முன்பணம் கட்டுங்கள்.